கடற்கரையில் ஒரு மரக்கறிப் பந்தி

கடல் இருந்த நாடு

பெரம்பலூரிலும் அரியலூரிலும் பிறந்து வளர்ந்தவர்க்குக் கடல் அயலானது என்று பலரும் எண்ணுவர். ஒன்றுபட்ட திருச்சிராப்பள்ளி மாவட்டத்திலிருந்து பெரம்பலூர் மாவட்டம் 1995இல் பிரிந்தது. அதனின்றும் அரியலூர் மாவட்டம் 2007இல் நிலையாக அமைந்தது. இரண்டிற்கும் கடற்கரை இல்லை. வடக்கே வெள்ளாறும் தெற்கே கொள்ளிடமும் உண்டு. பருத்தியும் மக்காச்சோளமும் முந்திரியும் விளையும் செம்மண்ணும் கரிசலும் உண்டு. அலையோசை மட்டும் இல்லை.

ஆயினும் நிலத்தைத் தோண்டிப் பார்த்தவர்கள் வேறு கதை கூறுகின்றனர். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்நிலப் பகுதியின் மீது கடல் பரந்து கிடந்தது. அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புச் சுரங்கங்களில் சிப்பிகள் அடுக்கடுக்காகக் கிடைக்கின்றன. பெரம்பலூர் மாவட்டத்துக் காரைப் பகுதியின் ஓடைக் கரைகளில் சுருள் வடிவக் கடலுயிரிகளின் ஓடுகள் கல்லாக உறைந்துள்ளன. சாத்தனூரில் 18 மீட்டர் நீளத்திற்கு மேற்பட்ட மரமொன்று கல்லாகிக் கிடப்பதைப் புவியியலறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் 1940இல் கண்டறிந்து உலகறியச் செய்தார். ஆற்று வெள்ளத்தில் அடித்துவரப்பட்டுக் கடலடி மண்ணில் புதைந்த மரம் அது. இன்று இப்பகுதியில் இயங்கும் சிமெண்டு ஆலைகள் யாவும் அப்பழங்கடலின் சுண்ணாம்பை எடுத்தே பிழைக்கின்றன. நம் வீட்டுச் சுவர்களில் கடல் பூசப்பட்டிருக்கிறது என்று கூறின் அது மிகையாகாது.

எனவே நம் பகுதி மாணவர் கடற்கரைக்குச் செல்வது, நெடுநாள் பிரிந்த உறவினரைக் காணச் செல்வது போன்றது. உறவினர் வீட்டிற்குச் சென்றால் உண்ணாமல் திரும்பலாகாது. அவ்வாறு ஒருமுறை உண்ட உணவைப் பற்றியும், அவ்வுணவு நம் உள்ளத்தில் எழுப்பிய சில எண்ணங்களைப் பற்றியும் இம்மலரில் எழுத விழைகின்றோம்.

தரங்கம்பாடிப் பயணம்

2022ஆம் ஆண்டு கார்த்திகைத் திங்களில் தமிழ்த்துறை மாணவர் நாற்பத்திருவரும் ஆசிரியர் மூவரும் கல்விச் சுற்றுலா புறப்பட்டோம். கங்கைகொண்ட சோழபுரத்தில் இறங்கி, கடாரம் வரை கப்பற்படை செலுத்திய இராசேந்திரனின் கோயிலைக் கண்டோம். கடலற்ற நம் மாவட்டத்து ஊரொன்று கடல் கடந்த பேரரசின் தலைநகராய் விளங்கியது என்பது மாணவர்க்குப் பெருமிதம் தந்தது. பின்னர் 1836இல் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டப்பட்ட அணைக்கரையைக் கடந்து, மயிலாடுதுறை வழியாகத் தரங்கம்பாடியை அடைந்தோம்.

தரங்கம்பாடி தமிழ் பயில்வார்க்கு இன்றியமையாத ஊர். தஞ்சை இரகுநாத நாயக்கரின் இசைவு பெற்று டேனிஷ்காரர் 1620இல் அங்குக் கோட்டை எழுப்பினர். 1706இல் வந்திறங்கிய சீகன்பால்கு தமிழ் கற்று, அச்சுக்கூடம் நிறுவி, விவிலியத்தின் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு 1715இல் நிறைவு செய்தார். அலை அரித்தது போக எஞ்சி நிற்கும் மாசிலாமணிநாதர் கோயிலும் அக்கரையிலேயே உள்ளது. இவற்றையெல்லாம் கண்டு முடித்தபோது பிற்பகல் ஒரு மணி ஆயிற்று, பசியும் முற்றிற்று.

கடற்கரைக்குச் சற்று உள்ளே கீற்றுக் கொட்டகை ஒன்று இருந்தது. மணல் தரை, நீண்ட மரப் பெஞ்சுகள், ஓரத்தில் தண்ணீர்ப் பானை. கணவரும் மனைவியும் அவர்தம் மகனும் நடத்தும் சாப்பாட்டுக் கடை அது. வாயிலில் தொங்கிய கரும்பலகையில் வஞ்சிரம், சங்கரா, நெத்திலி, இறால் என்று அன்றைய வரத்தை எழுதியிருந்தனர். அடியில் சிறிய எழுத்தில் ‘சாப்பாடு’ என்று மட்டும் இருந்தது. எண்ணெயில் மீன் பொரியும் மணம் தெரு முனையிலேயே எங்களை எதிர்கொண்டது.

எழுந்த வினா

எம் மாணவருள் ஒன்பதின்மர் சபரிமலைக்கு மாலை அணிந்திருந்தனர். இருவர் பிறப்பிலிருந்தே மரக்கறி உண்பவர்கள். இசுலாமிய மாணவர் பதினெழுவர். அவர்கள் வெளியூர்க் கடைகளில் இறைச்சியைத் தவிர்ப்பர். மீனுக்கு அத்தடை இல்லை. ஆயினும் இறால் உண்பதில் ஹனஃபி வழியினர்க்கும் ஷாஃபிஈ வழியினர்க்கும் கருத்து வேறுபாடு உண்டு என்பதை நம் பெரியோர் அறிவர். எஞ்சியோர் யாவும் உண்பவர்கள். ஒரே வகுப்பறையில் ஒரே தொல்காப்பியத்தைப் படிப்பவர்கள், உண்ணும் இடம் வந்ததும் நான்கைந்து கூறுகளாகப் பிரியும் நிலை நேர்ந்தது.

மீன் உண்போர் இப்பக்கம், உண்ணாதார் அப்பக்கம் எனப் பெஞ்சுகளைப் பிரித்துவிட்டால் எளிதில் முடிந்திருக்கும். கடை மகனும் அதையே சொன்னார். நாம் மாணவரைக் கூட்டி, “எல்லாரும் ஒரே பந்தியில் உட்கார்ந்து மரக்கறிச் சாப்பாடு உண்ணலாமா? கட்டளை இல்லை, கேட்கிறோம்” என்றோம்.

உடனே ஓர் இசுலாமிய மாணவர் எழுந்தார். துடிப்பும் நேர்மையும் மிக்கவர். “ஐயா, கடற்கரைக்கு வந்து சாம்பார் சாப்பிடுவதா? அவர்கள் விரதத்திற்காக நாங்கள் மீனை விடுகிறோம். எங்களுக்காக அவர்கள் எதை விடுவார்கள்?” என்று கேட்டார். சிலர் நகைத்தனர், சிலர் தலை குனிந்தனர். வினா கடுமையானது, எனினும் அதனைப் புறந்தள்ள இயலாது. ஒருவரே எந்நாளும் விட்டுக்கொடுக்க, மற்றவர் எந்நாளும் பெற்றுக்கொள்வது நட்பாகாது.

விடை நம்மிடமிருந்து வரவில்லை. அவருடைய விடுதி அறைத் தோழர், அவரும் இசுலாமிய மாணவரே, இருந்த இடத்திலிருந்தே சொன்னார்: “மச்சான், ரமலானில் நம் அறையில் இருந்த அந்த இரண்டு பேரும் பகல் முழுக்க நம் எதிரில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சித்திரை வெயில். நாம் கேட்கவும் இல்லை.” அவர் சுட்டிய இருவரும் அன்று கறுப்பு வேட்டியும் துளசி மாலையுமாக எதிரே அமர்ந்திருந்தனர். அவர்கள் அதனை எவரிடமும் சொன்னதில்லை. அப்போதும் ஒன்றும் பேசவில்லை. வினவிய மாணவர் சிறிது நேரம் நின்றார்; பின் கடைக்காரரிடம் திரும்பி, “அண்ணே, எல்லாருக்கும் சாப்பாடு போடுங்க” என்றார்.

சட்டி மாற்றிய அம்மையார்

இதுகாறும் பேசாதிருந்த கடைக்கார அம்மையார் அப்போதுதான் வாய் திறந்தார். “சார், சாம்பார் இருக்குது. ஆனா மீன் பொரிச்ச கையாலயே கரண்டி மாத்தி மாத்திப் போட்டது. மாலை போட்ட புள்ளைகளுக்கு ஆகாது. ஒரு மணி நேரம் பொறுப்பீங்களா?” என்றார்.

அவர் அதைச் சொல்லாதிருந்திருப்பின் நாங்கள் அறிந்திருக்க மாட்டோம். பசித்த நாற்பத்தைவரை நிறுத்தி வைப்பது கடைக்கு நட்டமாகவும் முடிந்திருக்கலாம். ஆயினும் அவர் கைகால் கழுவி, பக்கத்துத் தெரு வீடொன்றிலிருந்து மீன் படாத பானைகளும் கரண்டிகளும் வாங்கிவரச் செய்து, கொட்டகைக்கு வெளியே கல் கூட்டி அடுப்பு மூட்டினார். எம் மாணவருள் செட்டிகுளத்தைச் சேர்ந்த ஒருவர், மயிலாடுதுறையில் உள்ள உறவினர்க்குக் கொடுக்கவென்று ஊரிலிருந்து ஒரு பை சின்ன வெங்காயம் கொண்டுவந்திருந்தார். அதில் பாதி அடுப்படிக்குச் சென்றது. பத்துப் பேர் வட்டமாக அமர்ந்து உரித்தனர். இசுலாமிய மாணவர் மணலில் துண்டு விரித்து லுஹர் தொழுதனர். காற்றில் பறக்கவிருந்த துண்டின் முனைகளில், மாலை அணிந்த மாணவர் ஒருவர் செருப்புகளைக் கொண்டு வைத்தார். பின் செருப்பு தகாதென எண்ணினார் போலும், அவற்றை எடுத்துவிட்டுச் சிப்பிகளை வைத்தார்.

அம்மையாரிடம் நன்றி கூறியபோது அவர் உரைத்த சொல் நம் நெஞ்சில் நின்றது. “மீனு எங்க பொழப்பு சார். விரதம் அவங்க நம்பிக்கை. ரெண்டுக்கும் மரியாத இருக்குல்ல?” ஏடறியாத அவ்வம்மையார் கூறியதற்கு மேல் நாம் வகுப்பில் விரித்துரைக்க ஏதும் இல்லை.

இரு வகைத் தனிப்பந்தி

உணவின் பெயரால் மனிதரைப் பிரித்த வரலாறு நம் நாட்டிற்கு உண்டு. 1920களில் சேரன்மாதேவி குருகுலத்தில் பிராமணச் சிறுவர்க்குத் தனியே உணவிடப்பட்டது பெரும் பூசலாய் வெடித்தது. தென்னாட்டு இரயில் நிலைய உணவு விடுதிகளில் இருந்த தனிப்பந்தி முறை 1941இல்தான் ஒழிந்தது. 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியில் உணவகப் பெயர்ப்பலகையிலிருந்து சாதிப் பெயரை நீக்கக் கோரிப் பெரியார் தொண்டர்கள் நாள்தோறும் மறியல் செய்து சிறை சென்றனர். இவ்விடங்களில் எல்லாம் மரக்கறி உணவு உயர்வுக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. உடன் அமர்வது தீட்டு எனக் கருதப்பட்டது.

வேறொரு வகைத் தனிப்பந்தியையும் நாம் அறிவோம். லெப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் முதலிய நம் பகுதி ஊர்களில் இசுலாமியர் வீட்டு மணவிருந்திற்கு அண்டை அயலார் அனைவரும் வருவர். நம் தமக்கையின் நிக்காஹ் நாளில் அத்தா, மரக்கறி உண்ணும் நண்பர்க்கெனச் சைவச் சமையல் செய்பவர் ஒருவரை வரவழைத்துத் தோட்டத்தின் மறுபுறத்தில் தனி அடுப்பு மூட்டச் செய்தார். பாத்திரமும் புதிது, விறகும் வேறு. “நம்ம வீட்டுல வந்து அவுக மனசு சங்கடப்படக் கூடாது” என்பதே அவர் கூறிய காரணம். முன்னது விலக்குவதற்காகப் பிரித்தது. பின்னது வரவேற்பதற்காகப் பிரித்தது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளுதல் நேரிதன்று.

எனினும் அத்தாவின் அன்பிலும் ஒரு குறை எஞ்சி நின்றது. அவர் நண்பர்கள் மறுபுறத்தில் உண்டு, வாழ்த்திச் சென்றனர். அவரோடு ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணவில்லை. ஒரே சகனில் நால்வர் கைவைத்து உண்ணும் வழக்கமுடைய நம்மவர்க்கு உடன் உண்பதன் பொருள் தெரியும். அதனால்தான், ஏதேனும் ஒரு நாளில் யாவரும் உண்ணத்தக்க உணவைத் தேர்ந்து ஒரே பந்தியில் அமர்வது, மரியாதையினும் ஒரு படி மேலானது என்று நாம் கருதுகின்றோம். வடலூரில் வள்ளலார் 1867இல் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் அணையாமல் எரிகின்றது. சாதி சமயம் கேளாமல் அங்கு இடப்படுவது மரக்கறி உணவே. ஆயின் அதன் பெருமை, எவரையும் எழுப்பி விடாமையில் உள்ளது. 1956இல் காமராசர் ஆட்சியில் பரவிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவும் சிற்றூர்ப் பிள்ளைகளை ஒரே வரிசையில் அமர்த்தின. முட்டை உண்ணாத குழந்தைக்கு வாழைப்பழம் தரும் ஏற்பாடும் பின்னர் வந்தது. வரிசை ஒன்றாக இருக்க, தட்டில் உள்ளது சிறிது வேறுபடுவதில் இழுக்கில்லை என்பதற்கு அது நல்ல சான்று.

நம் மார்க்கமும் இதற்கு மாறானதன்று. ஆணம் சமைக்குங்கால் நீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டாரையும் கவனிக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அறிவுறுத்தினார்கள். வேடனிடம் அகப்பட்ட மான் தன் கன்றுக்குப் பாலூட்டி வருவதற்காக நாயகம் பிணை நின்றதை உமறுப்புலவர் சீறாப்புராணத்தில் தனிப் படலமாகவே பாடியுள்ளார். இறைச்சி உண்ணும் மரபில் வந்தவர்க்கும் உயிரிரக்கம் அயலன்று என்பதை அப்படலத்தைப் பாடம் நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் நாம் உணர்கின்றோம்.

இலையில் வந்த கடல்

இரண்டரை மணிக்கு இலை போட்டனர். மணலில் பாய் விரித்து எதிரெதிராக இரு நீண்ட வரிசைகள். முதலில் வந்தது உப்பு. பின்னர்க் கத்திரிக்காய் வதக்கல், அப்பளம், சோறு, முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் இட்ட சாம்பார், ரசம், மோர். ஆரவாரமற்ற உணவு. பசியும் கடற்காற்றும் சேர்ந்து அதனை அமுதாக்கின. சாம்பாரைப் பற்றி முதலில் வினவிய மாணவரே மூன்று முறை சாம்பார் கேட்டார்; அதனை வைத்து மாலை வரை அவரைச் சீண்டிக்கொண்டிருந்தனர்.

இலை ஓரத்து உப்பைச் சுட்டி மாணவி ஒருவர், “ஐயா, மீன் இல்லை என்று வருந்தினோம், கடல் இலைக்கே வந்துவிட்டது” என்றார். அது நயமான சொல் மட்டுமன்று, வரலாற்று உண்மையுங்கூட. நெய்தல் நிலத்து உப்பை உமணர் வண்டிகளில் ஏற்றி உள்நாட்டிற்குக் கொண்டுசென்று நெல்லுக்கு மாற்றிய செய்தியைச் சங்க இலக்கியம் பலவிடத்தும் பேசுகின்றது. மீன் கொள்ளாத வீடு இருக்கலாம். உப்புக் கொள்ளாத வீடு இல்லை. மரக்கறி உண்பவர் இலையிலும் கடலோரத்து உழைப்பாளியின் வியர்வை உண்டு.

அதே கடற்கரையில், தெற்கே வேதாரணியத்தில், 1930இல் நடந்ததையும் அங்கேயே மாணவர்க்கு எடுத்துரைத்தோம். அவ்வாண்டு ஏப்ரல் 13ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலிருந்து இராசாசி தலைமையில் ஏறத்தாழ நூறு தொண்டர் புறப்பட்டு, பதினைந்து நாள் நடந்து வேதாரணியத்தை அடைந்தனர். அவர்களுக்கு உணவோ உறைவிடமோ தருவோர் தண்டிக்கப்படுவர் என்று தஞ்சை மாவட்ட ஆட்சியர் தார்ன் எச்சரித்திருந்தார். ஊர் மக்கள் எதிர்த்துக் கூச்சலிடவில்லை. உணவுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டனர். கொடுத்தவர் யார் என்பது தொண்டர்க்குத் தெரியாது. உண்பவர் யார் என்பது கொடுத்தவர்க்குத் தெரியாது. பசித்தவர் உண்ண வேண்டும் என்பது ஒன்றே இருசாரார்க்கும் தெரிந்திருந்தது.

பந்தி முடிந்தபின் மாணவர் இருவர் வறுத்த சங்கரா வாங்கி, சற்றுத் தள்ளிப் படகு நிழலில் அமர்ந்து உண்டனர். அவர்களை எவரும் குறைகூறவில்லை, குறைகூறவும் கூடாது. திரும்பும்போது சிலர் கருவாடு வாங்கினர். பேருந்தினுள் வைத்தால் விரதமிருப்போர்க்கு இடர் எனக் கருதி, அப்பொட்டலத்தைச் சாக்கில் சுற்றிப் பேருந்தின் மேற்கூரையில் கட்டினர். கட்டிக் கொடுத்தவர், கறுப்பு வேட்டி அணிந்த மாணவரே.

மாணவச் செல்வங்களுக்கு

இக்கட்டுரையைப் படிக்கும் இளையோர், மீனை விடுத்ததே அறம் என்று பொருள் கொள்ளற்க. மீன் தாழ்ந்த உணவன்று. மீனவர் தொழிலும் தாழ்ந்ததன்று. 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை அடித்த அக்கரையில் மீண்டும் வலை விரித்து எழுந்து நின்றவர்கள் அவர்கள். மரக்கறியைத் தூய்மை எனவும், பிறர் உணவைத் தீட்டு எனவும் கூறிப் பந்தியைப் பிரிப்பவர் கையில் அதே சாம்பார் நஞ்சாகும். உடன் இருப்பவன் எழுந்து போகாமல் உண்ண வேண்டுமே என்று கருதி ஒரு வேளை மீனை ஒதுக்குபவர் கையில் அது விருந்தாகும். உணவின் வகையை விட, அதனை இடுவதன் கருத்தே நோக்கத்தக்கது.

இன்று, அடுத்தவர் அடுப்பில் என்ன வேகின்றது என்று மோந்து பார்த்துப் பூசல் வளர்ப்போரைச் செய்திகளில் காண்கின்றோம். அவர்க்கு விடையாக நீண்ட சொற்பொழிவுகள் வேண்டா. ரமலான் பகலில் நண்பன் எதிரே தண்ணீர் அருந்தாத இரு மாணவரும், கேளாமலே சட்டி மாற்றிய மீனவ அம்மையாரும் போதும். விட்டுக்கொடுத்தவர் கணக்கு வைக்கவில்லை, பெற்றுக்கொண்டவர் மறக்கவில்லை. இரண்டும் ஒருங்கே அமையும் இடத்தில் ஒற்றுமைக்குத் தனி விழா எடுக்க வேண்டுவதில்லை.

விடுதிச் செயலர் பொறுப்பை ஏற்கும் மாணவர்க்கு ஒரு வேண்டுகோள். திங்களில் ஒரு நாளேனும் யாவரும் உண்ணத்தக்க உணவைச் சமைக்கச் செய்து, ஒரே வரிசையில் அமருங்கள். அந்நாளில் பரிமாறும் பொறுப்பு மூத்த மாணவரைச் சாரட்டும். எவர் எதனை உண்ணார் என்பதை அவரைக் கேட்டு அறிந்துகொள்ளுங்கள். ஏன் உண்ணார் என்று வழக்காடாதீர்கள். சமுதாயப் பெரியோர் இதற்குத் துணை நிற்க வேண்டுகின்றோம்.

‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்பது நம் முன்னோர் வாக்கு. ஒரு காலத்தில் கடலாயிருந்த மண்ணில் பிறந்த நமக்கு அவ்வாக்குப் பிறர்க்கினும் நன்கு பொருந்தும்.